பழைய பிரெஞ்சு டாண்டம்: பின் சீட்டில் ஏழு வயது மகள், யோசனை சொல்லுங்கள்

ஊர்க்குருவி | பொபினி, பிரான்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். சென்-எ-மார்ன் பக்கம் ஒரு கிராமத்துப் பழஞ்சாமான் சந்தையில் டாண்டம் சைக்கிள் (முன்னும் பின்னுமாக இரண்டு பேர் மிதிக்கிற வண்டி) ஒன்றை 120 யூரோவுக்கு வாங்கி வந்திருக்கிறேன். விற்றவர் தன் தாத்தாவுடையது என்றார், அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. முன்பக்கப் பெயர்த்தகடு கழன்று போய் ஆணி ஓட்டை இரண்டு மட்டும் மிச்சம். பிரேக் கைகளில் மஃபாக் என்று பொறித்திருக்கிறது. டயரில் 650 பி என்று அளவு. கிராங்க் (பெடலைத் தாங்குகிற தண்டு) எல்லாம் இரும்பு, காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிடிக்கிற ஆப்பு ஆணி) போட்டது. பின்பாதி பிரேம் பெண்கள் சைக்கிள் மாதிரி கீழே இறங்கியிருக்கிறது. 1950களின் வண்டியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மகளுக்கு ஏழு வயது. தனிச் சைக்கிள் ஓட்டுவாள், ஆனால் கொஞ்ச தூரத்திலேயே களைத்துவிடுவாள். எங்கள் வீட்டிலிருந்து லூர்க் கால்வாய்க் கரை கிட்ட. கரையோரப் பாதையில் செவ்ரோனில் இருக்கிற பழைய வெடிமருந்து ஆலைப் பூங்கா வரை அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், பிறகு கிளே-சூயி வரை. பாதை தட்டை. பரிஸுக்குக் குடிதண்ணீர் கொண்டுவர நெப்போலியன் காலத்தில் வெட்டத் தொடங்கிய கால்வாய், அதனால் ஏற்றம் இறக்கம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

இப்போதைக்கு மூன்று சிக்கல். பெடல் அச்சு இரண்டும் இறுகிப்போய்க் கிடக்கிறது. மகளின் கால் பின்பெடலுக்கு எட்டவில்லை, சீட்டை அடிவரை இறக்கியும் எட்டவில்லை. ரிம் இரண்டும் இரும்பு, பிரேக் பிடித்தால் சத்தம் வருகிறதே தவிர வண்டி நிற்பதாக இல்லை. பெயின்ட் பற்றி வீட்டில் தனிச் சண்டை நடக்கிறது. மகளுக்கு ஊதா வேண்டுமாம்.

கோவை ஸ்பேனர் | கோயம்புத்தூர்

நல்ல வண்டி கிடைத்திருக்கிறது அண்ணா. சுத்தியலை இப்போதைக்கு உள்ளே வையுங்கள்.

காட்டர் பின்னில் ஆரம்பியுங்கள். நட்டை முழுதாகக் கழற்ற வேண்டாம், பின்னின் நுனியும் நட்டின் முகமும் ஒரே மட்டத்தில் வரும்வரை தளர்த்தினால் போதும், மரை நசுங்காது. துரு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். பின்னை அழுத்தித் தள்ளுகிற காட்டர் பிரஸ் கிடைத்தால் அதுதான் உத்தமம். கிடைக்காவிட்டால் கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாய் ஒன்றைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுங்கள், பின்னின் தலை குழாயின் வாய்க்குள் இருக்க வேண்டும். அப்புறம் ஒரே அடி, பலமாக. முட்டு இல்லாமல் தட்டிக்கொண்டே இருந்தால் அடி முழுக்க பால்ரஸ் குண்டுக்குப் போய், குண்டு உருள்கிற கப்பில் குழி விழும். பின்னும் வளைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

புதுப் பின் வாங்கும்போது கவனம். நம் ஊர் ரோட்ஸ்டர் பிரிட்டிஷ் வழி வந்தது, பின் 9.5 மி.மீ. பிரெஞ்சு வண்டிக்கு 9 மி.மீ. ஊரிலிருந்து யாராவது ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தால் உள்ளே போகாது.

அடுத்தது கப். நமக்குப் பழக்கமான வண்டிகளில் செயின் பக்கக் கப் இடது மரை, கடிகாரச் சுற்றில் திருப்பினால் கழலும். பிரெஞ்சு மரை 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி, இரண்டு பக்கமும் சாதாரண வலது மரை. பழக்க தோஷத்தில் திருப்பினால் இன்னும் இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். இதே அளவில் சுவிஸ் மரை என்று ஒன்று உண்டு, அதில் செயின் பக்கம் மட்டும் இடது. அதனால் முதலில் இடதுபக்கக் கப்பைக் கழற்றுங்கள், அது எல்லா முறையிலும் வலது மரைதான். உள்ளே டார்ச் அடித்து எதிர்க் கப்பின் மரை எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்துவிட்டு ஸ்பேனரை மாட்டுங்கள்.

பழைய இரும்பு | லண்டன்

தம்பி, பெயின்டைத் தொடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பிரேம்களில் குழாய் ஓரமாகப் பொன் நிறக் கோடு கையால் இழுத்திருப்பார்கள். அழுக்குக்குக் கீழே இருக்கிறதா பார். சோப்புத் தண்ணீர், பிறகு கார் மெழுகு, அவ்வளவே. சாண்ட் பேப்பர் தேய்க்கிற எண்ணமே வேண்டாம். அந்த வயசுப் பெயின்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு. பிள்ளை பக்கத்தில் நின்று உதவுகிறேன் என்று தேய்க்கத் தொடங்கினால் தூசு நேரே மூச்சுக்குள் போகும். தேய்த்தே ஆக வேண்டிய இடம் இருந்தால் நனைத்துத் தேய், முகமூடி போடு, பிள்ளையை வீட்டுக்குள் அனுப்பிவிடு.

நிக்கல், குரோம் பாகங்களுக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் நன்றாக வேலை செய்யும். துருவைத் தின்னும், பளபளப்பை விட்டுவிடும். கையுறை கட்டாயம், அது விஷம். ஊற வைத்த வாளியைச் சின்னக் கைகள் எட்டாத இடத்தில் வை.

இன்னொன்று. பிரான்சில் டாண்டம் என்றால் சாதாரண வண்டி கிடையாது. 1936இல் லெயோன் ப்ளம் அரசாங்கம் தொழிலாளிக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தபோது, புருஷனும் பெண்சாதியும் டாண்டத்தில் ஏறிக் கடலைப் பார்க்கக் கிளம்பினார்கள். அந்தக் கோடையின் படங்கள் இன்றைக்கும் பத்திரிகைகளில் வந்துகொண்டிருக்கும். உன் வண்டி அதற்குப் பிந்தினது. மஃபாக் கம்பெனியே போர் முடிந்த பிறகு கிளெர்மோன்-ஃபெரோனில் தொடங்கியதுதான். ஆனாலும் அந்தப் பரம்பரைதான். ஊதா அடித்துவிடாதே.

பனிக்காலம் | டொரண்டோ

மூன்று பதிவும் படித்தேன். எல்லோரும் வண்டியைப் பார்க்கிறீர்கள், பிள்ளையைப் பார்க்கவில்லை :)

நாங்கள் மகனோடு டாண்டம் ஓட்டுகிறோம். அவன் ஆறு வயதில் ஏறியவன். நான் சொல்வது என்னவென்றால், முதலில் பின்சீட்டு அளவு, அடுத்தது பிரேக். பெயின்டும் பாலிஷும் அதற்கெல்லாம் அப்புறம். பின்சீட்டு சரியில்லை என்றால் பிள்ளை ஒரு தடவை வருவாள், அடுத்த தடவை வயிறு வலிக்கிறது என்பாள்.

மகளைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, கால்களுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சீட்டு மாதிரி மேலே தூக்கிப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்து சொல்லுங்கள். கிராங்க் நீளம் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருந்தால் முழங்கால் சுகமாகச் சுற்றும். பெரியவர்களுக்கான 170 மி.மீ. கிராங்க் அவளுக்கு ஆகாது. எட்டினாலும் ஆகாது.

சங்கிலியன் | யாழ்ப்பாணம்

எங்கட ஊரில் இதற்கெல்லாம் அளவுகோல் எடுத்ததில்லை. பெடலில் இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து நட்டு பூட்டிவிடுவோம், கால் எட்டிவிடும். அதற்கு முந்தின வயது என்றால் முன் பாரில் துவாயைச் சுற்றிப் பிள்ளையை இருத்துவோம். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் குடும்பமே ஒரு சைக்கிளில்தான் போனது. டாண்டம் எல்லாம் பரிஸ்காரருக்கு :)

பனிக்காலம் | டொரண்டோ

அண்ணை, கட்டை வைத்தால் எட்டும்தான். ஆனால் பெடல் சுற்றுகிற வட்டம் குறையாதே. 170 மி.மீ. கிராங்க் என்றால் பாதம் மேலும் கீழுமாக 34 செ.மீ. போய் வர வேண்டும். 55 செ.மீ. காலுள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் வயிற்றில் வந்து இடிக்கும். தனிச் சைக்கிள் என்றால் அலுத்தால் மிதிப்பதை விட்டுவிடலாம். டாண்டத்தில் முன்பெடலும் பின்பெடலும் ஒரே செயினில் கட்டியது. அப்பா மிதிக்கிற வரைக்கும் மகளின் காலும் சுற்றியே ஆக வேண்டும்.

ஊர்க்குருவி | பொபினி, பிரான்ஸ்

அளந்தேன். 56 செ.மீ. அப்படியானால் கிராங்க் 110 மி.மீ. சுற்றி வர வேண்டும், சரியா?

இங்கே கூட்டுப் பட்டறை ஒன்று இருக்கிறது, சந்தா கட்டினால் அவர்களுடைய ஆயுதங்களை எடுத்து நாமே திருத்தலாம். காட்டர் பிரஸ் அங்கே இருந்தது. நான்கு பின்னில் மூன்று சத்தம் போடாமல் வந்தது, நான்காவதைத் துளைத்துத்தான் எடுத்தோம். கப் பற்றி ஸ்பேனர் தம்பி சொன்னபடி இடதுபக்கத்தால் தொடங்கினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் வலது மரைதான். மூன்று அடி நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி இரண்டு பேர் தொங்கினோம். டக் என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு கையாலேயே கழன்றது. உள்ளே கிரீஸ் காய்ந்து பழுப்பு மெழுகாகக் கிடந்தது. கப்பில் குழி இல்லை. குண்டுகளை மட்டும் மாற்றினேன்.

முன் அச்சு வேறு மாதிரி. கப் பூட்டுகிற உருளை தனியாக, துவாரம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கிறது. இதைத் திருப்பித்தான் முன்பெடலையும் பின்பெடலையும் இணைக்கிற இடதுபக்கச் செயினை இழுத்துப் பிடிப்பதா?

கோவை ஸ்பேனர் | கோயம்புத்தூர்

அதேதான். ஆஃப்-சென்டர் உருளை. அடியில் இருக்கிற பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தி உருளையைத் திருப்பினால் முன் அச்சு முன்னாலோ பின்னாலோ நகரும். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும். பழைய பல்சக்கரம் முழு வட்டமாக இருக்காது, அதனால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் அளவு வையுங்கள். உருளைக்கு வெளியே கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை அதுவும் துளைக்கிற கேஸ் ஆகிவிடும்.

திருப்பிப் பூட்டும்போது இன்னொன்று. வலது மரைக் கப் செயின் பக்கத்தில் இருந்தால் ஓட ஓட தானாகத் தளரப் பார்க்கும். பிரெஞ்சு, இத்தாலி வண்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ள தொல்லை இது. அந்தக் கப்பை மட்டும் இரக்கமில்லாமல் இறுக்குங்கள்.

மீனாட்சிபட்டணம் | மதுரை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இரண்டு பழைய 28 இன்ச் ரோட்ஸ்டர் இருக்கிறது. வெல்டிங் பட்டறையில் கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கி டாண்டம் செய்யலாமா? பையனுக்கு எட்டு வயது. யூடியூபில் பார்த்தேன், சுலபமாகத் தெரிந்தது.

கோவை ஸ்பேனர் | கோயம்புத்தூர்

செய்யலாம். மெரினாவில் ஒரு படம் எடுத்துக்கொள்ள. பையனை ஏற்றி ரோட்டில் ஓட்ட வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். டாண்டத்தில் இரண்டு பெடல் அச்சுக்கும் நடுவே கீழே தடித்த குழாய் ஒன்று ஓடும், முழுப் பாரமும் முறுக்கும் அதில்தான். இரண்டு ரோட்ஸ்டரை ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் தண்ணீர்க் குழாயை வைப்பார்கள். ஒன்று நெளியும், இன்னொன்று கல்லாகக் கனக்கும். அப்புறம் பிரேக். நம் ராட் பிரேக் ஒரு ஆளையே மழையில் நிறுத்தாது. ஆசை விடவில்லை என்றால், உங்கள் சைக்கிளின் சீட் தண்டில் மாட்டுகிற ஒற்றைச் சக்கர இழுவைச் சைக்கிள் பாருங்கள். பையன் பின்னால் மிதிப்பான், விருப்பமில்லாதபோது நிறுத்திக்கொள்வான்.

பழைய இரும்பு | லண்டன்

பிரேக் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. மஃபாக் கான்டிலீவர் நல்ல பிரேக், அதைக் கழற்றி எறியாதே. குற்றம் இரும்பு ரிம்மில். குரோம் பூசிய இரும்பு நனைந்தால் ரப்பர் அதில் வழுக்கும். அந்தக் காலத்தில் தோல் வைத்த கட்டையெல்லாம் இதற்காகவே விற்றார்கள். பிள்ளை ஏறுகிற வண்டியில் இரும்பு ரிம் வேண்டாம், இதில் மட்டும் நான் பழமைவாதி இல்லை. அலுமினிய ரிம் போடு. கழற்றிய சக்கரத்தை அப்படியே ஆணியில் தொங்கவிடு. பின்னால் யாராவது வண்டியைப் பழையபடி ஆக்க நினைத்தால் இருக்கட்டும்.

650 பி என்பது 584 மி.மீ. இன்றைய 27.5 இன்ச் மலைச் சைக்கிளுக்கும் அதே 584 தான், அதனால் டயருக்குப் பஞ்சமில்லை. போர்க்குக்கு நடுவிலும் மட்காட்டுக்குள்ளும் இடம் எவ்வளவு என்று அளந்துவிட்டு 38 இலிருந்து 42 மி.மீ.க்குள் எடு. 650 ஏ என்று எழுதியதை வாங்கிவிடாதே, அது 590, மாட்டாது.

ஊர்க்குருவி | பொபினி, பிரான்ஸ்

பின் ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளை) 40 கம்பி இருக்கிறது. 40 ஓட்டை போட்ட 584 அலுமினிய ரிம் தேடினேன், கண்ணில் படவில்லை. 36 தான் எல்லா இடத்திலும். 36 தாங்குமா? கடையில் ஒருவரிடம் கதைத்தேன். டாண்டம் என்ற உடனே தலையை ஆட்டிவிட்டு புது வண்டி விலைப்பட்டியலை எடுத்துக் கையில் தந்தார்.

கோவை ஸ்பேனர் | கோயம்புத்தூர்

உங்கள் எடை, மகள் எடை?

ஊர்க்குருவி | பொபினி, பிரான்ஸ்

நான் 74, அவள் 23.

கோவை ஸ்பேனர் | கோயம்புத்தூர்

சேர்த்து 97. தனிச் சைக்கிளில் சாமான் பையோடு போகிற ஒரு கனத்த ஆளின் பாரம் அவ்வளவுதான். 40, 48 கம்பி எல்லாம் இரண்டு பெரியவர்கள் மலை இறங்குவதற்குச் செய்த கணக்கு. நல்ல கம்பி போட்டு, கோட்டம் எடுத்து, இழுவை எல்லாக் கம்பியிலும் ஒரே மாதிரி வைத்தால் 36 தாராளம். மகள் வளர்ந்த பிறகு யோசியுங்கள்.

ஹப் அகலம் பொருந்துகிறதா பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிரேம் 120 மி.மீ. இருக்கும், புது ஹப் 126 அல்லது 130. இரும்புப் பிரேம், விரிக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக விரிய வேண்டும், அதற்கு நூல் கட்டிப் பார்க்கத் தெரிந்தவரிடம் போங்கள்.

பழைய இரும்பு | லண்டன்

பிரேமை விரிப்பதற்கு என் ஓட்டு இல்லை. அச்சை மாற்றி, வாஷரைக் குறைத்து 120க்குள் அடக்கப் பார்.

கோவை ஸ்பேனர் | கோயம்புத்தூர்

அண்ணா, 3 மி.மீ. இந்தப் பக்கம், 3 மி.மீ. அந்தப் பக்கம். அருங்காட்சியகத்துக்கா போகப் போகிறது?

பழைய இரும்பு | லண்டன்

ஒரு நாள் போகலாம், யார் கண்டது.

பனிக்காலம் | டொரண்டோ

நீங்கள் இரண்டு பேரும் சண்டையை முடித்துக்கொள்ளுங்கள், நான் பின்சீட்டுக்கு வருகிறேன்.

கிராங்கைச் சிறிதாக்க இரண்டு வழி. ஒன்று, இருக்கிற கிராங்கின் மேலே இறுக்கிப் பூட்டுகிற சின்ன அலுமினியத் துண்டு. அதில் பெடலுக்கு இரண்டு மூன்று ஓட்டை இருக்கும், பிள்ளை வளர வளர வெளியே மாற்றிக்கொண்டு போகலாம். விலை குறைவு. ஆனால் பெடல் அச்சு இருந்த உயரத்திலேயே இருக்கும். சீட்டை அடிவரை இறக்கியும் அவளுக்கு எட்டாது என்கிறீர்கள். கிராங்க் சின்னதானால் கீழே போன பெடல் 6 செ.மீ. மேலே வரும், அது போதுமா என்று பாருங்கள்.

இரண்டாவது வழி, பிள்ளைக்கென்று தனிப் பெடல் அச்சு. பின்சீட்டுக் குழாயில் கிளாம்ப் போட்டு மாட்டுவது. அதிலிருந்து சின்னச் செயின் ஒன்று கீழே பெரிய கிராங்கின் பல்சக்கரத்துக்கு இறங்கும். நாங்கள் இதைத்தான் போட்டோம். பிரேமில் ஓட்டை இல்லை, வெல்டிங் இல்லை, கழற்றினால் பழைய வண்டி. லண்டன் அண்ணாவுக்கும் நெஞ்சு வலி வராது.

ஊர்க்குருவி | பொபினி, பிரான்ஸ்

அவளுடைய பாதத்துக்கும் கீழே போன பெடலுக்கும் நடுவே 12 செ.மீ. இடைவெளி இருக்கிறது. அப்போ இரண்டாவது வழிதான். ஆனால் பெரிய கிராங்க் அதே இடத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்குமே. அவளுடைய கிராங்கில் வந்து இடிக்காதா? இரண்டு அச்சுக்கும் நடுவே 25 செ.மீ. தான் கிடைக்கும். 17ஐயும் 11ஐயும் கூட்டினால் 28 ஆகிறதே.

பனிக்காலம் | டொரண்டோ

நல்ல கேள்வி, என் வீட்டுக்காரரும் இதையே கேட்டார். இரண்டு பல்சக்கரத்துக்கும் பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்து, இரண்டு கிராங்கையும் ஒரே திசை பார்த்துப் பூட்டினால் இடிக்காது. மேல் கிராங்க் மேலே நிற்கும்போது கீழ்க் கிராங்கும் மேலே நிற்கும், முன்னால் வந்தால் அதுவும் முன்னால் வரும். இரண்டும் எப்போதும் இணையாகவே சுற்றும், நடுவே உள்ள தூரம் குறையாது. ஒரு பல் தவறிப் பூட்டினால் கொஞ்சம் சாயும், பரவாயில்லை. பல் எண்ணிக்கை வேறு என்றால்தான் வம்பு.

கீழ்க் கிராங்கில் இருக்கிற பெடலைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அவளுடைய குதிகாலுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஊர்க்குருவி | பொபினி, பிரான்ஸ்

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, பட்டறையிலேயே கிடந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பிரேம்: இரும்பு அண்ணை சொன்னது சரி. சோப்புத் தண்ணீரில் பழைய பனியனை நனைத்துத் துடைக்கத் துடைக்க, கறுப்பு என்று நினைத்த பிரேம் கருநீலமாக வந்தது. பின்பாதியில் வளைந்து இறங்குகிற குழாயின் இரண்டு ஓரத்திலும் பொன் கோடு, தலைமயிர் தடிப்புத்தான் இருக்கும். ஒரு இடத்தில் கோடு இழுத்தவரின் கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. மகள் அதைக் கண்டுபிடித்து விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஊதாப் பேச்சு அதோடு பாதி அடங்கிவிட்டது. மிச்சப் பாதிக்குப் பின் ஹேண்டில்பாரில் ஊதாப் பிடியும் ஊதா மணியும் போட்டுக் கொடுத்தேன்.

சக்கரம்: 36 ஓட்டை அலுமினிய ரிம், 126 ஹப். பிரேமை விரித்தோம். மன்னிக்கவும் அண்ணை. பட்டறையில் ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் பின்பக்க நுனியிலிருந்து தலைக்குழாய் வரை நூல் கட்டி, இரண்டு பக்கமும் அளந்து அளந்து செய்தார். மஃபாக் கைகளை வைத்துக்கொண்டு ரப்பரை மட்டும் மாற்றினேன், கூல்-ஸ்டாப் கம்பெனியின் செங்கல் நிற ரப்பர். சத்தம் போவதற்கு ரப்பரின் முன்நுனி ரிம்மில் முதலில் படும்படி சாய்த்து வைத்தேன். இப்போது பிடித்தால் நிற்கிறது.

மகளின் பெடல் அச்சு: கிளாம்ப் 28.6 மி.மீ. குழாய்க்குச் செய்தது. என் பிரேம் குழாய் பிரெஞ்சு அளவு, 28.0. கிளாம்ப் முழுதாக இறுகினாலும் வழுக்கியது. குளிர்பானத் தகரத்தை வெட்டி மூன்று சுற்றுச் சுற்றினோம், தகரம் ஒன்று 0.1 மி.மீ., சரியாக வந்தது. கீழ்ப் பல்சக்கரத்துக்காக இடதுபக்கப் பழைய சக்கரத்தோடு இன்னொன்றைக் குட்டிக் குழல்கள் இடையில் வைத்து போல்ட் போட்டோம். சின்னச் செயின் தளர்ந்தால் கிளாம்பைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும்.

சங்கிலியன் | யாழ்ப்பாணம்

வடிவு. பிள்ளை ஏறி ஓடினாளா இல்லையா, அதைச் சொல்லு தம்பி.

ஊர்க்குருவி | பொபினி, பிரான்ஸ்

ஓடினோம். கால்வாய்க் கரையில் காலை நேரம், சனம் வர முந்தி. ஏறுகிற விதத்துக்கு சைக்கிள் நிபுணர் ஷெல்டன் பிரவுனின் இணையப் பக்கத்தில் இருக்கிற முறையைப் பின்பற்றினேன், டாண்டம் செய்கிற பில் மெக்ரெடியின் முறை அது. நான் முதலில் இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் பெடலில் வைத்துவிட்டு "சரி" என்பாள். பிறகுதான் நான் ஒரு கால் எடுப்பேன். நிறுத்தும்போது நான் காலை ஊன்றிப் பிடிக்கும்வரை அவள் இறங்கக் கூடாது.

ஹெல்மெட் இரண்டு பேருக்கும். இங்கே 2017இலிருந்து 12 வயதுக்குக் கீழே பின்னால் இருந்து போனாலும் சட்டப்படி கட்டாயம்.

ஒரே பிரச்சினை, பந்தன் என்கிற ஊரைத் தாண்டின உடனே அவளுடைய இடது கால் பெடலை விட்டுவிட்டது. கிராங்க் சுற்றி வந்து கணுக்காலில் தட்டியது. காயம் இல்லை, அழுகை உண்டு.

பனிக்காலம் | டொரண்டோ

பெடலில் தோல் வார் போடுங்கள், பாதத்தின் முன்நுனியைப் பிடிக்கிற கூட்டோடு வருகிற மாதிரி. இறுக்க வேண்டாம், பாதம் வழுகாமல் இருந்தால் போதும். நீங்களும் மேடு பள்ளம் வரும்போது, கியர் மாற்றும்போது, மிதிப்பதை நிறுத்தும்போது முன்கூட்டியே சத்தமாகச் சொல்லுங்கள். அவளுக்கு உங்கள் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. என் மகனுக்கு நாங்கள் மணி அடிக்கிற வேலையையும் திரும்பும்போது கை காட்டுகிற வேலையையும் கொடுத்தோம். அதற்குப் பிறகு தூக்கமும் வருவதில்லை. தூக்கம் விளையாட்டில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படியே சாய்ந்துவிடுவார்கள். பேச்சு நின்றால் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

பாவாடை, சால்வை எதுவும் வேண்டாம். இடதுபக்கம் இப்போது இரண்டு செயின் ஓடுகிறது. மூடி போட்டீர்களா?

ஊர்க்குருவி | பொபினி, பிரான்ஸ்

வார் வாங்கிவிட்டேன். மூடிக்குப் பழைய பெண்கள் சைக்கிளின் செயின் கவர் ஒன்றை வெட்டிக்கொண்டிருக்கிறேன், ஓட்டை போடாமல் வளையம் வைத்து மாட்டுவேன். கழற்றிய பெரிய பெடல்களைப் பையில் கட்டி வைத்திருக்கிறேன்.

கோவை ஸ்பேனர் | கோயம்புத்தூர்

எது இடது, எது வலது என்று சீட்டு எழுதிப் பையில் போட்டுவிடுங்கள் அண்ணா. இடது பெடல் இடது மரை. பழைய பிரெஞ்சுப் பெடல் 14 மி.மீ., இன்றைய 9/16 இன்ச் பெடல் அதில் ஏறாது, திணித்தால் கிராங்க் மரை போய்விடும். தொலைத்தால் அந்தக் கிராங்குக்கு ஜோடி தேடுவது பெரும்பாடு. அந்த நான்காவது காட்டர் பின்னுக்குப் பதில் என்ன போட்டீர்கள்?

ஊர்க்குருவி | பொபினி, பிரான்ஸ்

9 மி.மீ. புதுப் பின், அரத்தால் சாய்முகத்தைக் கொஞ்சம் இழைத்து. எல்லாவற்றையும் முதல் ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு தடவை இறுக்கினேன், அரைச் சுற்று உள்ளே போனது. படங்களை இரவு ஏற்றுகிறேன். பொன் கோடு கிட்டத்தில் தெரிகிற மாதிரி ஒன்று, இரும்பு அண்ணைக்காக.

பழைய இரும்பு | லண்டன்

விரித்த பின்பக்கத்தின் படத்தைப் போடாதே, போதும்.